போர்விலக்கு

டாஸ்மாக் கடைகள் எந்தத் துறையின் கீழ் வருகின்றன என்று வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. மனுஷன் இரண்டு தடவை திருப்பிக் கேட்பார். நமக்கு அதில் ஒரு வேடிக்கையும் தெரியாது. வாசலில் ‘விலக்கு’ என்று பலகை, உள்ளே குவார்ட்டர். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிவிட்டோம்.

ஆனால் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் நாம் இல்லை. 1928 ஆகஸ்ட் 27ஆம் தேதி பாரிஸில் உலகத்துக்கே இப்படி ஒரு பலகை மாட்டினார்கள். அது போருக்கான பலகை. அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, நாடுகள் போரைத் தங்கள் கொள்கைக் கருவியாகப் பயன்படுத்துவதைக் கைவிட்டுவிட்டன. எந்தத் தகராறானாலும் சமாதான வழியில்தான் தீர்த்துக்கொள்வார்கள். ஆகவே கிட்டத்தட்ட நூறு வருஷமாக உலகத்தில் போரே கிடையாது. நடப்பதற்கெல்லாம் பெயர் வேறு.

கதை சிகாகோவில் ஆரம்பிக்கிறது. சால்மன் லெவின்சன் என்று ஒரு வக்கீல். நொடித்துப்போன கம்பெனிகளைத் தூக்கி நிறுத்துவது அவர் தொழில். முதல் உலகப்போரில் ஐரோப்பாவே நொடித்துப் போனதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒருவனைக் கொன்றால் தூக்கு. லட்சம் பேரைக் கொன்றால் அதற்குச் சட்டத்தில் என்ன பெயர்? புத்தகங்களைப் புரட்டினார். பெயர் ‘உரிமை’ என்று இருந்தது. அன்றைய சர்வதேசச் சட்டத்தில் ஓர் அரசு இன்னோர் அரசின் மேல் போர் தொடுப்பது குற்றமே இல்லை. முறைப்படி அறிவித்துவிட்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1902இல் வெனிசுவேலா கடனைத் திருப்பித் தரவில்லை என்று பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் போர்க்கப்பலோடு போய்த் துறைமுகங்களை மறித்துக்கொண்டு நின்றன. நம் ஊர் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்வார். அவர்களிடம் பீரங்கி இருந்தது.

லெவின்சன் சொன்ன யோசனை எளிமையானது. முன்காலத்தில் மானப் பிரச்சினை என்றால் இரண்டு கனவான்கள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போய் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். அந்த வழக்கத்தைத் தடை செய்தபோது, வம்புக்குப் போய்ச் சுடுவது தப்பு, தற்காப்புக்காக மைதானத்துக்குப் போகலாம் என்றா தடை செய்தோம்? மொத்தமாகத்தானே ஒழித்தோம்! போரையும் அப்படி ஒழிப்போம் என்றார். ‘தற்காப்பு’ என்ற அந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கதையில் பெரிய வேலை இருக்கிறது.

யோசனை சிகாகோவில் கிடக்க, பிரான்ஸுக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து வீடு ஜெர்மனி. அடிபட்டுக் கிடந்தாலும் எழுந்துவிடும் என்ற பயம். அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அரிஸ்டீட் பிரியான், பதினோரு தடவை பிரதமராக இருந்தவர், 1926இல் அமைதிக்கான நோபல் பரிசும் வாங்கியவர். அவர் 1927 ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்க மக்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். நாம் இரு நாட்டாரும் இனிமேல் அடித்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

இரண்டு பேருக்கும் நடுவில் அட்லாண்டிக் கடல் கிடக்கிறது, சண்டை போட ஒரு முகாந்திரமும் இல்லை. பிறகு எதற்கு இந்தச் சத்தியம்? அங்கேதான் சூட்சுமம். நாளைக்கு ஐரோப்பாவில் அடிதடி வந்தால் பிரான்ஸ் என்ன செய்தாலும் அமெரிக்கா எதிர்ப்பக்கம் போக முடியாது. அட்சதையும் மேளமும் இல்லாமல் அரைக் கல்யாணம்.

கடிதத்தைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஃபிராங்க் கெல்லாக். (காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கெல்லாக்ஸுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.) மினசோட்டா பண்ணைப் பையன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, தானே சட்டம் படித்து வக்கீலானவர். வயது எழுபது. ஒரு கண்ணில் பார்வை இல்லை. கை நடுங்கும், அதை வைத்து வாஷிங்டனில் பட்டப்பெயரே உண்டு. ஆனால் வாய் நடுங்காது. அமைதி இயக்கத்துக்காரர்கள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நச்சரித்தபோது அவர் உதிர்த்த வசவுகளை எந்தக் குடும்பப் பத்திரிகையும் அச்சிடாது.

மாதக்கணக்கில் பதில் போடாமல் இழுத்தார். பிறகு டிசம்பர் 28ஆம் தேதி ஒரு பதில் போட்டார் பாருங்கள், அதுதான் வக்கீல் மூளை. அருமையான யோசனை, நாம் இரண்டு பேர் மட்டும் ஏன், உலகத்தையே கூப்பிடுவோம்!

பிரியானுக்குப் பந்தியில் எலும்பு தொண்டையில் மாட்டிய கதை. எல்லாரும் போரைக் கைவிட்டால் போலந்துக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் ‘உனக்கு ஒன்று என்றால் நான் வருவேன்’ என்று கொடுத்து வைத்த வாக்கு என்னாவது? வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அமைதிக்கு நோபல் வாங்கியவர் அமைதி வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? சரி என்றார்.

அடுத்த எட்டு மாதம் பேரம். போரை ஒழிக்க எல்லாருக்கும் சம்மதம். தன்னுடையதை மட்டும் விட்டுவிட வேண்டும். உலகின் ‘சில பகுதிகளில்’ எங்களுக்குத் தனி அக்கறை உண்டு, அங்கே நாங்கள் செய்வது இதில் சேராது என்றது பிரிட்டன். எந்தப் பகுதிகள் என்று சொல்லவில்லை. சூரியன் மறையாத சாம்ராஜ்யம், பட்டியல் போட்டால் காகிதம் போதாது. ஜப்பானுக்கு வந்த கவலை வேறு மாதிரி. ஒப்பந்தத்தில் ‘அந்தந்த மக்களின் பெயரால்’ என்று ஒரு சொற்றொடர் இருந்தது. சக்கரவர்த்தி இருக்கும்போது மக்கள் யார் இதில் பெயர் கொடுக்க? அந்த வரி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று தனியாக அறிவித்தார்கள். போரைக் கைவிடுவதாகச் சொன்ன வரியில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

கெல்லாக் எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஆறுதல் சொன்னார். தற்காப்பு உரிமை யாருக்கும் போகாது. எது தற்காப்பு என்று தீர்மானிக்கும் தகுதியும் அந்தந்த நாட்டுக்கு மட்டுமே உண்டு.

இதன் அழகு புரிய, அன்றைய அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே அப்போது நிஜமான மதுவிலக்கு அமலில் இருந்தது. ஆனால் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம். உடம்பு சரியில்லாதவர்களின் தொகை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். கெல்லாக் போருக்கும் அதே ஏற்பாட்டைச் செய்தார், கூடுதலாக ஒரு சலுகையோடு. இங்கே நோயாளியே டாக்டர். சீட்டை அவரே எழுதிக்கொள்ளலாம்.

பாரிஸில் வெளியுறவு அமைச்சகத்தின் கடிகார மண்டபம். சினிமா எடுக்கிறவர்களின் விளக்குகள் கண்ணைக் கூச, பதினைந்து நாடுகளின் பிரதிநிதிகள். கெல்லாக் கப்பலில் வந்திறங்கிய ல ஹாவ்ர் நகரம் அவருக்கு ஒரு அடி நீளத்துக்குத் தங்கப் பேனா பரிசளித்திருந்தது. ‘அமைதி வேண்டுமா, போருக்குத் தயாராகு’ என்ற பழைய லத்தீன் வாசகத்தைத் திருத்தி, ‘அமைதி வேண்டுமா, அமைதிக்குத் தயாராகு’ என்று அதில் பொறித்திருந்தார்கள். பிரெஞ்சு அகரவரிசையில் ஜெர்மனி முதலில் வரும். எனவே போரைக் கைவிடுவதாக உலகத்தில் முதல் கையெழுத்துப் போட்ட நாடு ஜெர்மனி. இத்தாலியும் ஜப்பானும் போட்டன. ஜப்பானுக்காகப் போட்டவர் கோமகன் உச்சிதா. இவரும் மறுபடி வருவார்.

பதினைந்தில் ஒன்று இந்தியா. ஆமாம், நாமும் அன்றைக்குப் போரைக் கைவிட்டோம். நம்மிடம் படையும் இல்லை, வெளியுறவும் இல்லை, கேட்கவும் இல்லை. நம் சார்பில் கையெழுத்துப் போட்டவர் பிரிட்டன் சார்பிலும் போட்ட கஷண்டன் பிரபு. வெளியுறவு அமைச்சர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்ததால் பதிலாள். இவருடைய பூர்வீகத்தைச் சொல்லாமல் போனால் பாவம். 1912இல், ரானல்ட் மெக்நீல் என்ற பெயரோடு இவர் எம்.பி.யாக இருந்தபோது, அயர்லாந்து மசோதா மேல் நாடாளுமன்றத்தில் ரகளை. இவர் சபாநாயகரின் விதிமுறைப் புத்தகத்தைத் தூக்கி எறிந்து வின்ஸ்டன் சர்ச்சிலின் நெற்றியைப் பதம் பார்த்தார். சட்டப் புத்தகத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைக் கூடியிருந்த அத்தனை பேரிலும் தெளிவாகத் தெரிந்தவர் இவர்தான்.

தகராறுகளைச் சமாதானமாகத் தீர்ப்பதாக ‘இந்தியா’ கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம்தான் கடந்திருந்தது. அக்டோபர் 30ஆம் தேதி லாகூரில் சைமன் குழுவுக்குக் கறுப்புக்கொடி காட்டப் போன லாலா லஜபத் ராயைப் போலீஸ் லத்தியால் அடித்தது. நவம்பர் 17ஆம் தேதி அவர் இறந்தார். இதில் ஒப்பந்த மீறல் எதுவும் இல்லை. நாடுகள் ஒன்றையொன்று அடிக்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது; நாடு தன் ஆட்களை அடிப்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

அமெரிக்க செனட் 1929 ஜனவரி 15ஆம் தேதி 85க்கு 1 என்று ஒப்புதல் கொடுத்தது. ஆதரித்து வாக்களித்த கார்ட்டர் கிளாஸ் என்ற செனட்டர், இது ஒரு தபால்தலைக்காவது பெறும் என்று நம்புகிற அப்பாவியாகத் தன்னைத் தன் ஊர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது என்றார். அதே செனட் கையோடு எடுத்துக்கொண்ட வேலை, 15 க்ரூஸர் போர்க்கப்பல்களும் ஒரு விமானந்தாங்கியும் கட்டும் மசோதா. ஒரு மாதத்துக்குள் அதிலும் அதிபர் கையெழுத்து. பேனாவில் புது வாசகம், கப்பலில் பழைய வாசகம். நிகரகுவாவிலோ அமெரிக்க மரைன் படை சாண்டினோ என்ற கிளர்ச்சிக்காரரைத் தேடி மலைமலையாக அலைந்துகொண்டிருந்தது. விமானத்திலிருந்து குண்டும் போட்டிருந்தது. அது போர் இல்லையா? இல்லை. சாண்டினோவுக்குக் ‘கொள்ளைக்காரன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொள்ளைக்காரனைப் பிடிப்பது போலீஸ் வேலை.

1929க்கான அமைதி நோபல், கெல்லாக்குக்கு.

ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே வருஷம் மஞ்சூரியாவில் ஒரு ரயில்பாதைக்காக சோவியத்தும் சீனாவும் மோதிக்கொண்டன. அமெரிக்கா ஒப்பந்தத்தை நினைவூட்டி ஓலை அனுப்பியது. சோவியத் தரப்பிலிருந்து லித்வினோவ் பதில் சொன்னார்: எங்களை ஓர் அரசாகவே நீங்கள் அங்கீகரிக்கவில்லை, அங்கீகரிக்காத ஆளுக்குப் புத்தி சொல்வது ஆச்சரியமாக இருக்கிறது. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்குப் போய்ப் பாகப்பிரிவினை பேசினால் இதுதான் கிடைக்கும்.

ஆனால் புது ஒப்பந்தத்தை நுணுக்கமாகப் படித்தவர்கள் ஜப்பானியர்கள். 1931 செப்டம்பர் 18 இரவு, முக்டென் நகருக்கு வெளியே, ஜப்பானுக்குச் சொந்தமான ரயில்பாதையில் ஒரு குண்டு வெடித்தது. வைத்தது ஜப்பான் ராணுவ அதிகாரிகள்தான். சீனர்கள் எங்கள் பாதையைத் தகர்த்துவிட்டார்கள், தற்காப்பு, தற்காப்பு என்று கூவிக்கொண்டு விடிவதற்குள் முக்டெனைப் பிடித்தார்கள். குண்டு எவ்வளவு பயங்கரம் என்றால், சற்று நேரத்தில் அதே தண்டவாளத்தில் வந்த ரயில் சேதமான இடத்தைத் தாண்டி முக்டென் போய்ச் சேர்ந்தது. தாமதம்கூட இல்லை, சரியான நேரத்துக்கு.

ஜப்பான் இதைப் போர் என்று அறிவிக்கவே இல்லை. ‘சம்பவம்’ என்றது. போரைத்தானே கைவிட்டோம், சம்பவத்தை யார் கைவிட்டது? பிரான்ஸ் அளவைவிடப் பெரிய நிலம் சம்பவமாகவே கைமாறியது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் லிட்டன் பிரபு தலைமையில் விசாரணைக் குழு அனுப்பியது. இந்த லிட்டன் கொஞ்ச காலம் முன்புவரை வங்காள கவர்னர். அவர் குழு ஊர் ஊராகப் போய் எழுதிய அறிக்கை வெளிவருவதற்குள் ஜப்பான் அங்கே மஞ்சுகுவோ என்று ஒரு நாட்டையே உண்டாக்கி, பதவி இழந்த சீனச் சக்கரவர்த்தி ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்து, அதை அங்கீகரித்தும் விட்டது. அங்கீகரிப்பு வேலையை நடத்திய வெளியுறவு அமைச்சர் யார்? பாரிஸில் தங்கப் பேனா பிடித்த நம்முடைய உச்சிதா. நாடே எரிந்து சாம்பலானாலும் மஞ்சுகுவோ விஷயத்தில் ஓர் அங்குலம் விட்டுத்தர மாட்டோம் என்று நாடாளுமன்றத்தில் முழங்கியவரும் அவரே. இது தற்காப்பு இல்லை என்று லிட்டன் அறிக்கை பணிவாகச் சொன்னது. 1933 பிப்ரவரி 24ஆம் தேதி சங்கத்தில் அதன் மேல் ஓட்டெடுப்பு: 42க்கு 1. அந்த ஒன்று ஜப்பான். சயாம் மட்டும் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொண்டது. ஜப்பான் பிரதிநிதி மட்சுவோகா, முன்பே தன் நாட்டைச் சிலுவையில் அறையப்படும் ஏசுவோடு ஒப்பிட்டுப் பேசியவர், எழுந்து வெளியே நடந்தார்.

1937இல் ஜப்பான் சீனாவுக்குள் முழுசாக இறங்கியபோதும் பெயர் ‘சீனச் சம்பவம்’. இந்தச் சம்பவத்தில் நாஞ்சிங் படுகொலை நடந்தது. லட்சோபலட்சம் பேர் செத்தார்கள். அடிவாங்கிய சீனாவே முறைப்படி போர் அறிவித்தது 1941 டிசம்பரில். அறிவித்தால் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டப்படி ஆயுதம் வாங்குவது சிக்கலாகிவிடும் என்பதால் அதற்கும் பேசாமல் இருப்பது லாபமாக இருந்தது.

வித்தை தெரிந்துபோனதும் எல்லாரும் ஆரம்பித்தார்கள். இத்தாலி 1935இல் அறிவிப்பில்லாமல் எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. அங்கே அடிமைமுறை இருக்கிறது, ஒழிக்க வந்தோம் என்று மனித உரிமை பேசியது. பேசிக்கொண்டே விமானத்திலிருந்து நச்சுவாயுவைத் தூவியது. அதைப் பயன்படுத்த மாட்டோம் என்றும் ஏற்கனவே வேறொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. நாடிழந்த சக்கரவர்த்தி ஹைலே செலாஸி 1936இல் ஜெனீவாவுக்கு வந்து பேச எழுந்தபோது, இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீட்டியடித்தார்கள். 1939இல் ஹிட்லரும் சீட்டு எழுதிக்கொண்டுதான் போலந்துக்குள் போனார். போலந்துக்காரர் வேஷத்தில் தன் ஆட்களை விட்டுத் தன் நாட்டு வானொலி நிலையத்தையே தாக்கச் சொல்லிவிட்டு, திருப்பிச் சுடுகிறோம் என்றார். அதே வருஷக் கடைசியில் சோவியத் விமானங்கள் ஃபின்லாந்தில் குண்டு போட்டபோது, அது உணவுப் பொட்டலம் என்றார் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலொடோவ். அந்தக் குண்டுகளுக்கு ‘மொலொடோவின் ரொட்டிக்கூடை’ என்று பெயர் வைத்த ஃபின்லாந்துக்காரர்கள், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பெட்ரோல் பாட்டிலைக் கொளுத்தி எறிந்தார்கள். மொலொடோவ் காக்டெயில் என்ற பெயர் வந்த வழி அது.

இவ்வளவு கேலியான காகிதத்துக்கு ஒரு நாள் உயிர் வந்தது. 1945இல் நூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்களை நிறுத்தி, போர் தொடுத்தது குற்றம் என்றபோது, எந்தச் சட்டப்படி என்று அவர்களின் வக்கீல்கள் கேட்டார்கள். பாரிஸ் காகிதத்தைத் தூசி தட்டி மேஜையில் வைத்தார்கள். தீர்ப்பு அதன் மேல் நின்றது. நீதிபதி மேடையில் சோவியத்தும் உட்கார்ந்திருந்தது. ஃபின்லாந்து ரொட்டிக்காக அதைச் சர்வதேச சங்கத்திலிருந்து நீக்கி ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜப்பானியத் தலைவர்களுக்கு நடந்த டோக்கியோ விசாரணையில் கல்கத்தாவிலிருந்து போன நீதிபதி ராதாபினோத் பால் மட்டும் ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதி அடியோடு மறுத்தார். எது தற்காப்பு என்று அவனவனே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டு, இப்போது குற்றம் என்றால் எப்படி? சீட்டு விஷயத்தைச் சட்ட மொழியில் உரக்கக் கேட்டவர் அவர். ஜப்பான் செய்ததை நியாயப்படுத்த இன்றைக்கும் அவரைத் துணைக்கு அழைக்கிறார்கள். அந்தக் கூட்டாளிகள் எனக்குப் பிடிக்காவிட்டாலும் கேள்வி சரியான கேள்விதான்.

ஐ.நா. சாசனம் எழுதியவர்கள் பாடம் கற்றிருந்தார்கள். ‘போர்’ என்று தடை போட்டால் பெயரை மாற்றித் தப்பிக்கிறார்கள் என்று, ‘பலப்பிரயோகம்’, பலப்பிரயோக மிரட்டல் என்றே தடை போட்டார்கள். கூடவே 51ஆவது பிரிவில் தற்காப்பையும் வைத்தார்கள். சீட்டுக்குப் பதிவு எண் கிடைத்தது, அவ்வளவுதான். மருந்துக்கடைக்குள்ளேயே ஐந்து பேருக்கு வீட்டோ.

அப்புறம் கொரியாவில் நடந்தது ‘போலீஸ் நடவடிக்கை’. 1956 சூயஸில், எகிப்தோடு நாங்கள் போரில் இல்லை, ஆயுத மோதலில் இருக்கிறோம் என்றார் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன். அமெரிக்கா கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மேல். வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் எல்லாம் அறிவிப்பில்லாத கணக்கு. 2022 பிப்ரவரி 24ஆம் தேதி புடின் 51ஆவது பிரிவைச் சொல்லிக்கொண்டே உக்ரைனுக்குள் அனுப்பியது ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’. ரஷ்யப் பத்திரிகைகள் ‘போர்’ என்று எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 வருஷம் வரை சிறை என்று சட்டமும் வந்தது.

வன்னியில் 2009இல் நடந்ததற்கு இலங்கை அரசு வைத்த பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. அது உள்நாட்டு விவகாரம், பாரிஸ் காகிதம் அங்கே செல்லாது. பொதுமக்கள் ஒருவர்கூட சாகக் கூடாது என்பதே கொள்கை என்றார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு. இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

2025 செப்டம்பர் 2ஆம் தேதி கரீபியன் கடலில் வெனிசுவேலாவிலிருந்து வந்த ஒரு படகை அமெரிக்கா குண்டு வீசி அழித்தது. போதைக் கடத்தல்காரர்கள் 11 பேர் செத்தார்கள் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். வழக்கு, சாட்சி, வாய்தா எதுவும் இல்லை. காரணம், தற்காப்பு. மூன்று நாள் கழித்து அவர் இன்னோர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். 1940களில் ‘போர்த் துறை’ என்ற பெயரைக் கழற்றிவிட்டு மாட்டிய ‘பாதுகாப்புத் துறை’ என்ற பலகைக்கு இனி ‘போர்த் துறை’ என்பது இரண்டாம் பெயர். இத்தனை வருஷத்தில் உள்ளதைப் பலகையில் எழுதியவர் என்ற வகையில் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பாரிஸ் ஒப்பந்தத்தை இதுவரை யாரும் ரத்து செய்யவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் ‘அமலில் உள்ள ஒப்பந்தங்கள்’ பட்டியலில் அது பத்திரமாக இருக்கிறது.